ஒரு சட்டி இராவுணவு

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் விஞ்ஞான விந்தைகளையும் நாடிச் செல்வர். அடுக்களைப் பக்கம் தலை நீட்டுவார் அரியர். எனினும் நாள்தோறும் மாலை ஏழு மணி அளவில், ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடின்றி அனைவர் உள்ளத்திலும் எழுவது காப்பியத்தைப் பற்றிய ஐயமன்று. இன்றிரவு உண்பது யாது, அதனை ஆக்குவார் யார் என்னும் இரு வினாக்களே எழுகின்றன. முதல் வினாவுக்கு விடை கூற ஆயிரம் சமையல் நூல்கள் உள்ளன. இரண்டாவது வினாவைப் பற்றியே எம் கருத்தை இங்குச் சொல்லத் துணிகின்றோம். அதற்குத் துணையாக யாம் எடுத்துக்கொண்டது ஜெர்மானியர் வேலை நாட்களின் இரவில் ஆக்கும் ஓர் எளிய பண்டம்: பருப்பும் காய்கறியும் சாசேஜும் ஒரே சட்டியில் வெந்த கெட்டிக் குழம்பு.

சாசேஜ் இன்னதென இக்காலத்து வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, உப்பும் மசாலைப் பொருள்களும் கூட்டி, தூய்மை செய்த குடற்றோலில் அடைத்து, சாண் நீளத்தில் முறுக்கியெடுப்பதே அது. அவற்றுள் புகையூட்டி வெந்நீரில் ஒருமுறை அவித்து விற்கப்படும் மெல்லிய வகையை ஜெர்மனியில் 'வீனர்', அதாவது வியன்னா நகரத்தது, என்பர். வியன்னாவிலோ அதனையே 'பிராங்க்ஃபர்ட்டர்' என்று பிராங்க்ஃபர்ட் நகரின் பெயரால் வழங்குகின்றனர். நல்ல பண்டத்துக்கு உரிமை கொண்டாடும் ஊர்களைக் கண்டிருக்கின்றோம். ஒன்றன் பெயரை மற்றொன்று சூட்டிக்கொண்டு அமைதியாக உண்ணும் ஊர்கள் இவை இரண்டே போலும்!

யாம் மேற்படிப்பின் பொருட்டு ஸ்டுட்கார்ட் நகரில் தங்கியிருந்த காலத்தில், அறுவர்க்கு ஓர் அடுக்களை என்ற முறையில் அமைந்த மாணவர் இல்லமொன்றில் வசித்தோம். அறுவருள் எம்மையும் சேர்த்து மூவர் தமிழ்நாட்டினர். கணக்கிலும் பொறியியலிலும் வல்லுநர் என்ற செருக்கு எங்கள் மூவர்க்கும் உண்டு. வெங்காயம் உரிக்க மட்டும் எவர்க்கும் தெரியாது. முதல் மாதம் முழுவதும் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே உணவாயின. குளிர் மிகுந்து மாலை நாலரை மணிக்கே இருள் கவிந்த நாட்களில், அவரவர் தத்தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணிப்பொறித் திரையை நோக்கியவாறே தனித்துண்டோம். உடல் மெலிந்தது ஒருபுறமிருக்க, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவர் நலத்தை ஒருவர் அறியாதவராயினோம். மூவருள் ஒருவர் நான்கு நாட்கள் காய்ச்சலிற் கிடந்ததை ஐந்தாம் நாள்தான் மற்றிருவரும் அறிந்தோம். அந்நாளை நினைக்குந்தோறும் இன்றும் நாணம் உண்டாகின்றது.

அதன் பின்னரே, அவ்வில்லத்தில் இருந்த அந்நாட்டு மாணவர் ஒருவர் எங்களைச் சமையலறைக்கு அழைத்து ஒரு விதியை வகுத்தார். முதலில் வீடு திரும்புபவர் எவரோ அவரே சட்டியை அடுப்பிலேற்ற வேண்டும். ஏனையோர் வந்தபின் அனைவரும் ஒரே மேசையில் உண்ண வேண்டும். கடைசியில் வந்தவர் சட்டியைக் கழுவ வேண்டும். கழுவ இருப்பதும் அவ்வொரு சட்டியே ஆதலின், கடைசியில் வருவார்க்கும் பெருந்துன்பம் இல்லை.

அவர் கற்பித்த முறை பின்வருமாறு. நால்வர்க்குத் தோல் நீக்காத பழுப்பு நிறப் பருப்பு 250 கிராம் போதும். உடைத்துத் தோல் நீக்கி நம் கடைகளில் மைசூர்ப் பருப்பென்று செந்நிறமாக விற்கப்படுவதும் அவ்வினத்ததே. எனினும் தோலோடு கூடியதே இதற்கு ஏற்றது, அது கரையாமல் உருவோடு நிற்கும். அகன்ற அடிகனத்த சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் காய்ந்தவுடன், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்றைப் பொன்னிறமாகும் வரை வதக்குக. பின்னர்க் காரட்டு இரண்டு, செலரிக் கிழங்கு ஒரு துண்டு, லீக்ஸ் ஒரு தண்டு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி இட்டு ஐந்து நிமிஷம் கிளறுக. பருப்பைக் களைந்து சேர்த்து, பிரிஞ்சி இலை ஒன்றுடன், ஒன்றேகால் லிட்டர் நீர் ஊற்றி மூடுக. ஊறவைக்க வேண்டுவதில்லை. இருபது நிமிஷம் சென்றபின் உருளைக்கிழங்கு மூன்றைத் தோல் சீவி நறுக்கி இடுக. மேலும் இருபது நிமிஷத்தில் பருப்பும் கிழங்கும் ஒருங்கே பதமாகும். இவ்வளவில் சமைப்பவர் அடுப்பருகே நின்ற நேரம் பதினைந்து நிமிஷமே. எஞ்சிய நேரம் சட்டிக்குரியது; சமைப்பவர் நூலொன்றைத் திறந்துகொண்டு மேசையில் அமரலாம்.

இனிக் காடி. வினிகர் என்று கடைகளில் விற்கும் அதில் இரண்டு கரண்டி இல்லையேல் இக்குழம்பு மண்போல் சுவைக்கும். ஆயின் அதனை முன்னரே ஊற்றலாகாது. புளிப்புச் சேர்ந்த நீரில் பருப்பின் தோல் இறுகி வேக மறுக்கும். பருப்பு வெந்த பின்னரே புளி கரைத்து ஊற்றும் நம் தாய்மார் இந்த இரசாயனத்தை எந்தக் கலாசாலையிலும் பயின்றிலர். பருப்பு மென்மையானபின் காடியும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்துச் சுவை பார்த்துக்கொள்க.

சாசேஜ் இறுதியிலேயே வருகின்றது. யாம் தனியே சமைத்த முதல் நாளில் இவ்வரிசையைப் பொருட்படுத்தாமல், வெங்காயத்தோடு கூடவே நான்கு வீனர்களையும் இட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டோம். மூடியைத் திறந்தபோது அவை நீளவாட்டில் வெடித்து, சாறெல்லாம் இழந்து, நனைந்த பஞ்சுபோல் மிதந்தன. அந்நாட்டு நண்பர் நகைத்திலர். ஏற்கெனவே அவிக்கப்பட்ட பொருளைச் சூடாக்குவதே நம் வேலை, அவிப்பதன்று என்றுமட்டும் கூறினார். குழம்பு முடிந்து அடுப்பைத் தணித்து, கொதி அடங்கியபின், சாசேஜை முழுதாகவோ துண்டாகவோ அதன்மேல் இட்டு மூடி எட்டு நிமிஷம் வைத்தாற் போதும். அவிக்கப்படாத பச்சைச் சாசேஜ் ஆயின் முறை வேறு. அதனை முதலில் அதே சட்டியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தெடுத்து வைத்துக்கொண்டு, இறுதிக் கால் மணி நேரத்தில் குழம்போடு சேர்த்து உள்ளும் புறமும் நன்கு வேகவிட வேண்டும். நடுப்பகுதி 71 பாகை சென்டிகிரேடு சூட்டை எட்டுதல் வேண்டும், கோழியிறைச்சியாயின் 74. வாங்கிய பொதியில் எவ்வகை என்று அச்சிட்டிருப்பர். அதனைப் படியாமல் சமைப்பது, வினாத்தாளைப் படியாமல் விடை எழுதுவதை ஒக்கும். ஊனுண்ணாதார் சாசேஜை முற்றிலும் விடுத்தாலும் இக்குழம்புக்கு உயிர் போகாது.

ஏனெனில் இதில் தலைமை பருப்பினுடையது. ஸ்டுட்கார்ட் நகரைச் சூழ்ந்த ஸ்வேபியா வட்டாரத்தார்க்கு அப்பருப்பின்மீது உள்ள பற்று பெரிது. 'ஸ்பெட்ஸ்லே' என்னும் மாவுப் பண்டத்தின்மேல் அதனை ஊற்றி, இணைச் சாசேஜோடு பரிமாறுவர். அவ்வட்டாரத்தின் மேட்டுநிலம் சுண்ணாம்புக் கல் நிறைந்தது, மண் மெல்லியது, நீர் தங்காதது. பிற பயிர் தயங்கும் அவ்விடத்தில் இப்பருப்பு விளைந்தது. ஆயின் அதன் கொடி தானே நிற்கும் வலியற்றது. ஆகவே ஓட்ஸ், வாற்கோதுமை ஆகிய பயிர்களோடு கலந்து விதைத்து, அவற்றைப் பற்றிக்கொண்டு எழச் செய்து, அறுவடைக்குப் பின் இரண்டையும் பிரித்தெடுத்தனர். உழைப்பு மிகுதி, விளைவு குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அயல்நாட்டுப் பருப்பு மலிவாக வந்திறங்கவே, 1960-களுக்குள் அப்பயிர் அம்மேட்டுநிலத்திலிருந்து மறைந்தது. அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த பழைய விதைகளும் தொலைந்தன. 1985-இல் ஓர் உழவர் குடும்பத்தார் பிரெஞ்சு விதையைக் கொண்டு மீண்டும் பயிரிடத் தொடங்கினர். தம் ஊர் விதையையும் தேடிக்கொண்டே இருந்தனர். இறுதியில் 2006-இல் அது ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாவிலோவ் நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில் இருப்பது தெரியவந்தது. அந்நிலையத்தை வளர்த்த நிக்கொலாய் வாவிலோவ் ஸ்டாலின் ஆட்சியில் சிறைப்பட்டு 1943-இல் மாண்டார். 1941 முதல் 1944 வரை அந்நகர் முற்றுகையில் கிடந்தபோது, மூட்டை மூட்டையாகத் தானிய விதைகள் அறைகளில் இருந்தும் அவற்றைத் தொடாமல் காத்து அங்குப் பணிபுரிந்தோர் சிலர் பசியால் உயிர் துறந்தனர். சிறிதளவு விதை ஸ்வேபியாவுக்குத் திரும்பி, ஆண்டுக்காண்டு பெருக்கப்பட்டு, இன்று 'ஆல்ப்-லைசா' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றது. 'லைசா' என்பது அவ்வூர்ப் பேச்சில் பருப்புக்குப் பெயர். வேலை நாளின் எளிய குழம்பென்று யாம் இகழ்ந்த சட்டியில் இத்தனை கதை கிடந்ததை, அதனை இரண்டு குளிர்காலம் உண்டபின்னரே அறிந்தோம்.

இவ்வுணவின்மேல் இரண்டு தடைகள் எழுப்பப்படும். அவற்றுள் முதலாவது வலியது, மழுப்புதல் முறையன்று. சாசேஜ் உடலுக்குத் தீதன்றோ என்பர். ஆம், ஒரு வகையில் அதன் வரலாறே நஞ்சோடு பிணைந்தது. அதே வுர்ட்டெம்பர்க் நாட்டில் வாழ்ந்த மருத்துவரும் கவிஞருமாகிய யுஸ்டீனுஸ் கெர்னர், கெட்டுப்போன சாசேஜை உண்டோர் கண் இமை தளர்ந்து, நா வறண்டு, மூச்சடங்கி இறப்பதை ஆராய்ந்து 1820-இலும் 1822-இலும் நூல்கள் வெளியிட்டார். அந்நஞ்சைத் தம் உடலிலேயே சோதித்தும் பார்த்தார். இலத்தீன் மொழியில் சாசேஜுக்குரிய 'போட்டுலுஸ்' என்ற சொல்லிலிருந்தே அந்நோய்க்கு 'போட்டுலிசம்' என்று பெயர் வந்தது. அதனை விளைக்கும் கிருமியைத் தடுக்கவே நைட்ரைட் உப்பு இறைச்சியில் சேர்க்கப்படுகின்றது. இப்பொழுதோ அந்நைட்ரைட்டின்மீதே ஐயம் எழுந்துள்ளது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் தொகுதியிற் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பார்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் மிகும் என்றும் கணித்தது. முதல் தொகுதி என்பது சான்றின் உறுதியைக் குறிப்பதேயன்றி, புகையிலைக்கு நிகரான கேடு என்று பொருள்படாது. எனினும் இதனை அறிந்தும் நாள்தோறும் தட்டு நிறையச் சாசேஜ் உண்பதை யாம் பரிந்துரையோம்.

யாம் கூறுவது இதற்கு மாறானது. சாசேஜ் உண்ணும் விருப்பமுடையார்க்கு அதனை எங்கு வைப்பது என்பதே கேள்வி. தனியே வறுத்துண்பார் மூன்று உண்டும் நிறைவடையார். சட்டியிலோ ஆளுக்கொன்று போதும்; இரண்டைத் துண்டாக்கி நால்வர் பகிர்ந்தாலும் புகைமணம் குழம்பு முழுதும் பரவிவிடும். நம் நாட்டு வீடுகளில் கருவாட்டுத் துண்டொன்று ஒரு சட்டிக் குழம்பை மணக்கச் செய்வதில்லையா? வாரத்தில் ஒருநாள், பருப்புக்கு விருந்தினராக அது வந்து போகட்டும். மற்ற நாட்களில் பருப்பு மட்டுமே வேகட்டும்.

இரண்டாவது தடை, ஒரு சட்டியில் எல்லாவற்றையும் இட்டு வேகவைப்பது வறியவர் உணவு அல்லது சோம்பர் உணவு என்பது. இதற்கு மறுமொழியாகச் சிலர் எளிமையைப் பெரிதும் புகழ்ந்து, அதுவே அறமென்று பேசத் தொடங்குவர். அவ்வழியிற் செல்ல யாம் அஞ்சுகின்றோம். அச்சத்துக்குக் காரணம் அதே ஜெர்மனியில் உண்டு. ஜெர்மானியர் இவ்வகை உணவை 'ஐன்டோப்', அதாவது 'ஒரு சட்டி', என்பர். பண்டம் பழையதேயாயினும் 1930-க்கு முற்பட்ட சமையல் நூல்களில் இச்சொல் அருகியே காணப்படும். அதனை நாடெங்கும் பரப்பியது ஹிட்லரின் அரசு. 1933 அக்டோபர் முதல் நாள் தொடங்கி, அக்டோபர் முதல் மார்ச்சு வரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பத்தாரும் ஆளுக்கு 50 பென்னிக்கு மேற்படாத ஒரு சட்டி உணவே உண்டு, மிச்சமான காசைக் குளிர்கால உதவி நிதிக்கு அளிக்க வேண்டும் என்று அவ்வரசு அறிவித்தது. உணவு விடுதிகளும் அதற்கு உட்பட்டன. வீடு வீடாகக் காசு தண்டுவோர் வந்தனர். ஏழைக்கு உதவுவதென்னும் நல்ல பெயரின்கீழ், அண்டை வீட்டார் அடுப்பில் இருப்பது யாதென்று வேவு பார்க்கும் வழக்கம் புகுந்தது. சட்டியில் கிடப்பதைக் கொண்டு நாட்டுப்பற்றை அளந்தனர். போர்க்காலத்தில் அந்நாளைத் 'தியாக ஞாயிறு' என்றே அழைத்தனர். ஆகவே இக்குழம்பை எவர்மீதும் கடமையாகச் சுமத்த யாம் விரும்பவில்லை. சோம்பல் என்னும் குற்றச்சாட்டுக்கு மட்டும் ஒரு விடை கூறுவோம்: பகலெல்லாம் உழைத்து வந்தவர் இரவில் குறைந்த உழைப்பில் நிறைய உண்ண விரும்புவதில் பழி யாதும் இல்லை. விவிலியத்தில் வேட்டையாடி இளைத்துவந்த ஏசா, சகோதரன் ஆக்கிவைத்திருந்த பருப்புக் கூழுக்காகத் தன் சேஷ்டபுத்திர பாகத்தையே விற்றான். அவனை இகழாத உபதேசியார் இல்லை. எமக்கோ, பசித்து வந்தவன் விலை பேசாமல் உண்ணத்தக்கதாக ஒரு சட்டி அவ்வீட்டில் இருந்திருப்பின் அக்கதையே நிகழ்ந்திராது என்று தோன்றுகின்றது.

இனி எம் வீடுகளுக்கு வருவோம். யாம் தாயகம் திரும்பியபின் கண்டது இது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் அலுவலகத்திலிருந்து திரும்புகின்றனர். கணவர் செய்தித்தாளையோ கைப்பேசியையோ எடுத்துக்கொண்டு அமர்கின்றார். மனைவியார் முகம் கழுவிக்கொண்டு நேரே அடுக்களை புகுகின்றார். சோறு ஓர் அடுப்பில், குழம்பு ஓர் அடுப்பில், பொரியல் பின்னர், அதற்கு மேலும் சப்பாத்தி வேண்டுவார் ஒருவர், தோசை வேண்டுவார் ஒருவர். ஒன்பது மணிக்கு அனைவரும் உண்டு எழுகின்றனர். அவர் மட்டும் நான்கு பாத்திரங்களோடு நிற்கின்றார். இதனை அன்பென்று போற்றிக் கவி பாடுவதில் நாம் வல்லவர். நான்கு பண்டம் இல்லையேல் அது சாப்பாடன்று என்னும் எண்ணம் யாரால் நிலைபெற்றது? அடுப்பருகே நில்லாதவராலேயே என்று எண்ணுகின்றோம். கூட்டாஞ்சோறும் சாம்பார் சாதமும் பொங்கலும் நம்மிடம் இல்லாதனவல்ல. அவற்றை யாத்திரைக்கும் விழாவுக்கும் ஒதுக்கிவைத்து, வேலை நாட்களின் இரவை நான்கு சட்டிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

சாசேஜ் குழம்பைத் தமிழர் வீடுதோறும் புகுத்த யாம் வரவில்லை. அவ்வில்லத்து விதியை, முதலில் திரும்புபவரே சட்டியை ஏற்றுக என்பதைப் புகுத்த விரும்புகின்றோம். அவ்விதி நடைபெற வேண்டுமானால் முதலில் திரும்புபவர் ஆணாயினும் பெண்ணாயினும் சமைக்க அறிந்திருத்தல் வேண்டும். ஆக்கும் பண்டமும் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் ஆக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும். ஆகவே விடுதி மேற்பார்வையாளர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியிலிருந்து மேற்படிப்புக்குக் கடல் கடந்து செல்லும் மாணவர் இப்போது பலர். அவர்க்குக் கடவுச்சீட்டைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் கூட்டங்கள் நடத்துகின்றோம். இறுதியாண்டு மாணவர் அனைவரும், பெண்களைக் காட்டிலும் முக்கியமாக ஆண்கள், விடுதிச் சமையற்கூடத்தில் சனிக்கிழமைதோறும் அறுவர் அறுவராக நின்று, தமக்குத் தாமே ஒரு சட்டி உணவு ஆக்கி உண்ணட்டும். சமையற்காரர் அருகில் இருந்து பிழை திருத்தட்டும். பண்டம் எதுவாயினும் ஆகுக. வெங்காயம் கருகுவதும் உப்பு மிகுவதும் நம் விடுதியிலேயே நிகழ்ந்து முடியட்டும். அயலூரில், குளிரிரவில், கதவடைத்த அறையில் நிகழ வேண்டா.

இம்முறையை இக்கட்டுரை கண்டு ஆக்க முற்படுவார்க்கு ஒன்று கூற மறந்தோம். நால்வர்க்கென்று ஆக்கியது பெரும்பாலும் ஐவர்க்குப் போதுமாயிருக்கும். எஞ்சியதை ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுக. மறுநாள் அது களிபோல் இறுகியிருக்கும், அஞ்சற்க. அரைக் குவளை நீர் ஊற்றித் தணிந்த தீயில் நன்கு கொதிக்கச் செய்து, இறக்கும்போது மீண்டும் ஒரு கரண்டிக் காடி சேர்க்க. முதல் நாளைக் காட்டிலும் அது நன்றாகவே இருக்கும். சாசேஜை மட்டும் முதல் நாளே தீர்த்துவிடுக, இரண்டாம் சூட்டில் அது எம் முதல் நாட் சாசேஜைப் போலாகிவிடும்.